இருபது பக்கத் தாயக்கட்டையும் ஒரு கணக்குக் கொப்பியும்: மேசைக்கதை விளையாடும் பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டிய பரிசுகள்

"பெரியம்மா, பிறந்தநாளுக்கு எனக்கு உடுப்பு வேண்டாம். இருபது பக்கம் இருக்கிற தாயக்கட்டை ஒண்டு வாங்கித் தாறீங்களா?"

என் தங்கையின் மகன் இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாயக்கட்டைக்கு ஆறு பக்கம் என்றுதான் எனக்குத் தெரியும். இருபது பக்கம் எப்படி வரும் என்று கேட்டேன். போனில் படத்தைக் காட்டினான். முக்கோண முக்கோணமாக வெட்டிய கண்ணாடிக் கல் போல இருந்தது. அதோடு 4, 8, 10, 12 பக்கங்கள் உள்ளவையும் சேர்த்து ஏழு கட்டைகள் ஒரு சின்னப் பையில் வருமாம். விலையைப் பார்த்தேன். கட்டையின் விலையை விட அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கான செலவு கூடுதலாக இருந்தது. சுங்கவரி எவ்வளவு வரும் என்பதும் தெரியாது.

நாங்கள் மூவரும் ஜிந்துப்பிட்டியில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறோம். நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தங்கை வீட்டிலிருந்து தைக்கிறாள். மகனுக்குக் கடந்த செப்டெம்பரில் 17 வயது முடிந்தது. 2009 மே மாதத்தில் அவன் எட்டு மாதக் குழந்தை. அவனுடைய தகப்பனின் பெயர் அன்றிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில் இருக்கிறது. பிள்ளை இதுவரை பெரிதாக எதையும் கேட்டு அடம்பிடித்ததில்லை. அதனால் அவன் கேட்டதை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கிக் கொடுக்கக் காசும் வரவில்லை.

அதனால் அந்த விளையாட்டு என்னவென்று தெரிந்துகொள்ள முடிவு செய்தேன். தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு விடயம் புரிந்தது. இந்த விளையாட்டுக்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவை ஏற்கனவே எங்கள் வீட்டில் இருந்தன. மற்றவை புறக்கோட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தன. எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளுக்கு மிகவும் அவசியமான ஒன்று, ஒரு சதம் கூடச் செலவில்லாதது. இதேபோன்ற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

இது என்ன விளையாட்டு?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் கள்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கதையை நடத்துகிறார். "நீங்கள் ஒரு பாழடைந்த கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரமாக நின்று பதில் சொல்வார்கள். வாசலால் போவதா, மதிலேறிக் குதிப்பதா, திரும்பிப் போவதா என்பது அவர்கள் முடிவு. மதிலேறினால் விழுவாரா ஏறுவாரா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். அதற்குப் பிறகு கதை எப்படிப் போகும் என்பது, கதை நடத்துகிறவர் உட்பட, யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வெற்றி தோல்வி என்று முடிவதும் இல்லை. ஒரு கதை பல மாதங்களுக்குக் கூடத் தொடரும்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. கதை நடத்துகிறவர் ஏறக்குறைய அண்ணாவியார் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இங்கே கொப்பியில் எழுதிய பாட்டு இல்லை, ஆடுகிறவர்களே அந்த இடத்தில் கதையைக் கட்டுகிறார்கள். பார்வையாளரும் இல்லை. ஜிந்துப்பிட்டியில் நாடகம் போட்ட காலத்தைப் பற்றி இங்குள்ள மூத்தவர்கள் இப்போதும் கதைப்பார்கள். அதே தெருக்களில் ஒரு கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் நாலு பெடியங்கள் வேஷம் போடாமலே ராசாவும் கள்ளனுமாக இருந்துவிட்டுப் போவது எனக்குப் புதினமாக இருக்கவில்லை.

போர் விளையாட்டில் ஊர்ச்சனம் நுழைந்த கதை

இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு விடயம் என்னை நிறுத்தி வைத்தது. இது போரிலிருந்து பிறந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய இராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். அதன் பெயர் கிறீக்ஸ்ஸ்பீல். வரைபடத்தின் மேல் படையணிகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்துவார்கள். தாயக்கட்டை உருட்டி இழப்பைக் கணக்கிடுவார்கள். நடுவர் ஒருவர் இருப்பார். 1824இல் றைஸ்விற்ஸ் என்ற அதிகாரி அதன் விதிகளை வெளியிட்டார். பின்னர் அது பொதுமக்களின் பொழுதுபோக்காகவும் மாறியது. அதில் படைகள் இருந்தன, மலைகள் இருந்தன, ஆறுகள் இருந்தன. சனம் இருக்கவில்லை.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் ஒன்றை விளையாடுவதற்கு ஏற்பாடு செய்தார். இரண்டு படைகளுக்கு நடுவே பிறவுன்ஸ்டைன் என்றொரு கற்பனை நகரம். அந்த நகரத்தில் இருக்கும் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் போன்றவர்களின் பாத்திரங்களையும் அவர் ஆட்களுக்குக் கொடுத்தார். ஆட்டம் குழம்பிப் போனது. படைகளை நகர்த்துவதை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் பேரம் பேசவும் சண்டை பிடிக்கவும் தொடங்கினார்கள். தன் முயற்சி தோற்றுவிட்டதாக வெஸ்லி நினைத்தார். ஆனால் விளையாடியவர்கள் இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அதை வளர்த்தார். அவரும் விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற ஊரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சில் 1,000 பெட்டிகள். ஒரு பெட்டி 10 டொலர். பெடியங்கள் சுருக்கமாக "டி அன்ட் டி" என்று சொல்வது இதைத்தான். இன்றைக்கு உலகம் முழுவதும் விளையாடப்படும் இவ்வகை விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் மூத்தது இதுதான்.

இரண்டு படைகளுக்கு நடுவே அகப்பட்ட ஊர்ச்சனத்துக்குப் பெயரும் குரலும் கொடுத்தபோதுதான் இந்த விளையாட்டு பிறந்தது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்று வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு விளங்கும்.

முதலில் தாயிடம் கேளுங்கள்

பரிசு வாங்க முன்னர் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையின் தாய் தகப்பனோடு கதைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், மகன் ஒரு கொப்பி நிறைய வரைபடங்கள் கீறி வைத்திருந்தான். கோட்டை, பதுங்குகுழி, காவலரண், இரகசியப் பாதை. பக்கத்தில் ஆயுதங்களின் பெயர்கள். தங்கை ஒருநாள் அதைக் கண்டுவிட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்படியில் வைத்து எரித்தாள். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவளைப் பிழை சொல்ல முடியாது. இந்த நகரத்தில் தமிழ்ப் பெயரோடு வாழ்ந்தவர்களுக்கு, ஒரு துண்டுக் கடதாசி என்னவெல்லாம் செய்யும் என்று தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. காலம் மாறினாலும் கை நடுக்கம் அப்படியே இருக்கிறது.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்குக் கொண்டுபோகிறது என்று பெற்றோர் சிலர் இயக்கமே நடத்தினார்கள். விஸ்கொன்சினில் ஒரு சிறைக்கைதி தன் கையால் எழுதிய 96 பக்கக் கதைக் கொப்பியைச் சிறை அதிகாரிகள் பறித்தார்கள். இந்த விளையாட்டு கைதிகளைக் கும்பல் சேரத் தூண்டும் என்பது அவர்களின் வாதம். அவர் வழக்குப் போட்டார். 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சிறையின் பக்கமே தீர்ப்புக் கொடுத்தது. விளையாட்டு பிறந்த அதே மாநிலத்தில்தான் இதுவும் நடந்தது.

எனவே தங்கையை ஒரு சனிக்கிழமை அந்த மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெடியங்கள் ஒரு மணித்தியாலமாக ஒரு பறவைநாகத்திடம் ஆட்டுக்குட்டியை மீட்பதற்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கதிரையில் இருந்து பார்த்தாள். வரும் வழியில், "இதுக்கோ இவ்வளவு சத்தம்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் புறக்கோட்டைக்குப் போனேன்.

என்னென்ன கொடுக்கலாம்?

ஜிந்துப்பிட்டியில் இருந்து செட்டியார் தெருவால் நடந்தால் புறக்கோட்டை தூரமில்லை. மலிபன் வீதிப் பக்கத்தில் உள்ள கடதாசிக் கடைகளில் நான் வாங்கியவற்றையும், வீட்டிலேயே செய்தவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

1. தாயக்கட்டைக்குப் பதில் ஒரு கட்டு காட்ஸ்

304 விளையாடும் வீட்டில் காட்ஸ் கட்டாயம் இருக்கும். 52 காட்டில் ராசா, ராணி, ஜாக் ஆகிய 12ஐயும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 40. அதில் 20 சிவப்பு, 20 கறுப்பு. கறுப்புக் காட் வந்தால் அதில் உள்ள எண்தான் கணக்கு, ஆஸ் என்றால் 1. சிவப்பு வந்தால் அந்த எண்ணோடு 10ஐக் கூட்டுங்கள். கறுப்பு 7 என்றால் 7, சிவப்பு 7 என்றால் 17. 1இலிருந்து 20 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் சரியாக இரண்டு காட் இருக்கிறது. இருபது பக்கத் தாயக்கட்டை கொடுக்கும் அதே வாய்ப்பு இது. ஒவ்வொரு முறையும் எடுத்த காட்டைத் திரும்ப வைத்துக் கலைக்க வேண்டும், அவ்வளவுதான். நிறத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் அது பத்துப் பக்கத் தாயக்கட்டை.

மற்றவையும் இலகு. 12 பக்கத்துக்கு ஒரு சாதாரண தாயக்கட்டையும் ஒரு நாணயமும் போதும். நாணயத்தில் தலை விழுந்தால் தாயக்கட்டையின் எண்ணோடு 6ஐக் கூட்டுங்கள். எட்டுப் பக்கத்துக்கு மூன்று நாணயங்கள். முதலாவதில் தலை விழுந்தால் 4, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. கூட்டிவரும் தொகையோடு இன்னொரு 1 சேருங்கள். 1இலிருந்து 8 வரை வரும். சாதாரண தாயக்கட்டையும் இல்லை என்றால் ஆறு பட்டை உள்ள பென்சிலில் 1 முதல் 6 வரை எழுதி உருட்டலாம்.

இதெல்லாம் ஏழைகளுக்கான மாற்று என்று நினைத்துப் பிள்ளை வெட்கப்படத் தேவையில்லை. 1970களின் இறுதியில் தாயக்கட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, டி அன்ட் டி பெட்டிக்குள் தாயக்கட்டைக்குப் பதிலாக எண் அச்சிட்ட சின்ன அட்டைத் துண்டுகளைத்தான் அந்தக் கம்பனி வைத்து விற்றது. அவற்றை ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

வீட்டில் பழைய சோகிகள் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். ஆனால் ஒரு குறிப்பு. ஆறு சோகிகளைக் குலுக்கிப் போட்டால் இரண்டு, மூன்று, நாலு என்று நடுத்தரமான எண்களே அதிகம் விழும். ஆறும் நிமிர்வது அருமை. ஆகவே இருபது பக்கத் தாயக்கட்டைக்கு அது நேரடி மாற்று அல்ல. சோகிக்கு ஏற்ற விதிகளை அவர்களே எழுதட்டும்.

2. கணக்குக் கொப்பியும் பென்சிலும்

சின்னச் சதுரங்கள் அச்சிட்ட கணக்குக் கொப்பி இந்த விளையாட்டுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு சதுரத்துக்கு ஐந்து அடி என்று டி அன்ட் டியில் கணக்கு. கோட்டை, குகை, வீதி எல்லாவற்றையும் அதில் கீறலாம். கதையை எழுதி வைக்கத் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றும் வாங்கினேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "இது விளையாட்டுக் கொப்பி. இதில் உள்ள ஊர்களும் ஆட்களும் கற்பனை" என்று தங்கையே எழுதிக் கொடுத்தாள். கிழித்த பக்கங்களுக்கு அவள் சொன்ன மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

3. தமிழில் ஒரு பாத்திரத்தாள்

விதிப் புத்தகங்கள் விலை கூடியவை. ஆனால் அடிப்படை விதிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. டி அன்ட் டி கம்பனி தன் உரிம நிபந்தனைகளை இறுக்கப் பார்த்தபோது விளையாடுகிறவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் விளைவாக 2023 ஜனவரியில் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் இலவசமாக விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எவரும் அதை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம்.

மொழிபெயர்க்கலாம் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். மகனின் கூட்டாளிகளில் ஒருவனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அவன் எப்போதும் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் விளையாடுவான். நான் ஒரு தாளில் பாத்திரத்தின் ஆறு குணங்களைத் தமிழில் எழுதினேன்: வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் திறன், அறிவு, விவேகம், ஈர்ப்பு. கீழே பெயர், ஊர், கையில் இருப்பவை, பயப்படுவது என்று கோடுகள். ஃபோட்டோகொப்பிக் கடையில் பத்துப் பிரதி எடுத்தேன். நான் கொடுத்தவற்றில் அதிகம் பாவிக்கப்பட்டது இதுதான்.

இதை விடச் சுருக்கமாக வேண்டும் என்றால் ஒரே பக்கத்தில் முடியும் விளையாட்டுகளும் உண்டு. ஜோன் ஹார்பர் 2013இல் எழுதிய லேசர்ஸ் அன்ட் ஃபீலிங்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. 2இலிருந்து 5க்குள் ஒரு எண்ணைத் தெரிவு செய்ய வேண்டும். இயந்திரத்தோடும் அறிவோடும் செய்யும் வேலைக்கு அந்த எண்ணுக்குக் கீழே விழவேண்டும். மனத்தோடு செய்யும் வேலைக்கு அதற்கு மேலே விழவேண்டும். ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதில் பலவீனமாகத்தான் இருப்பார். சாதாரண தாயக்கட்டை போதும்.

4. மேசை மேல் வைக்கும் உருவங்கள்

பாத்திரங்களைக் குறிக்கச் சின்னச் சிலைகள் விற்கிறார்கள். அதுதான் காசைத் தின்னும் பகுதி. பிள்ளை கேட்காவிட்டால் வாங்க வேண்டாம். தங்கையின் தையல் பெட்டியில் இருந்த விதவிதமான பொத்தான்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். சோடா மூடி, கரம் காய், புளியங்கொட்டை எல்லாம் சரிவரும். பெரிய கறுப்புப் பொத்தான்தான் இப்போது பறவைநாகம்.

5. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு

"பிள்ளைக்கு என்ன அனுப்ப?" என்று கேட்கும் மாமா மாமிமாருக்கு ஒரு வார்த்தை. தபாலில் போட்டால் செலவு கூடும். ஏழு தாயக்கட்டைகள் உள்ள ஒரு பை உள்ளங்கைக்குள் அடங்கும். ஊருக்கு வரும் யாராவது ஒருவரின் பயணப்பையில் போட்டுவிட்டால் போதும். புத்தகம் வாங்க நினைத்தால் முதலில் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். டி அன்ட் டியின் 2014 விதிகளும் 2024 விதிகளும் வேறுவேறு. மாறி வாங்கினால் அலுமாரியில்தான் கிடக்கும்.

6. ஓர் அமைதியான ஆண்டு

விலை குறைந்தது, ஆனால் இலவசம் அல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏவரி ஆல்டர் என்பவர் 2013இல் வெளியிட்ட த குவயட் இயர் என்ற விளையாட்டு. இரண்டு முதல் நாலு பேர் விளையாடலாம். நீண்ட யுத்தம் ஒன்று முடிந்திருக்கிறது. மிஞ்சிய சனத்துக்கு ஒரு வருட அமைதி கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் ஊரைக் கட்ட வேண்டும். வருடத்துக்கு 52 கிழமை. ஒரு கட்டில் 52 காட். ஒரு காட் ஒரு கிழமை. வெள்ளைத் தாளில் எல்லோரும் சேர்ந்து ஊரின் வரைபடத்தைக் கீறிக்கொண்டே போவார்கள்.

முதலில் கிணறு தோண்டுவதா, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதா? ஒருவர் முடிவு எடுக்கும்போது மற்றவர்கள் குறுக்கே பேச முடியாது. பிடிக்கவில்லை என்றால் தன் முன்னால் ஒரு காயை எடுத்து வைக்கலாம். மனக்கசப்பின் அடையாளம் அது. ஆட்டம் முடியும்போது ஊர் எழும்பி நிற்கும், மேசையில் கசப்பும் குவிந்திருக்கும். மீள்குடியேறிய எந்த ஊர்ச்சனத்துக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

செலவில்லாத பரிசு: ஒரு துண்டு அட்டை

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. ஒரு சின்ன அட்டையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி கீறுங்கள். அதை மேசையின் நடுவில் வையுங்கள். கதையில் வரும் எதாவது ஒன்று யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அவர் அந்த அட்டையைத் தொடலாம், அல்லது தூக்கிக் காட்டலாம். அந்தக் கணத்தில் கதையின் அந்தப் பகுதி நீக்கப்படும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. விளக்கம் சொல்லவும் தேவையில்லை. நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் ஸ்ரவ்ரோபொலஸ் என்பவர் 2013 அளவில் இந்த முறையை எழுதி வெளியிட்டார். எக்ஸ் அட்டை என்று சொல்வார்கள்.

அதற்கு முன்னரே ரொன் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் இன்னொரு வழி சொல்லியிருக்கிறார். ஆட்டம் தொடங்க முன்னரே "எது கதைக்குள் வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடக்கட்டும்" என்று பேசிக்கொள்வது. முதலாவது கோடு, இரண்டாவது திரை.

இங்கே இது எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். மகனின் கூட்டத்தில் ஒரு பெடியன் கொச்சிக்கடைக்காரன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது அவன் பக்கத்துத் தெருவில் நின்றவன். அவன் போட்ட கோடு: கோயிலுக்குள் சண்டை வரக்கூடாது. மற்றவர்கள் சரி என்று கொப்பியில் எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை அந்த அமைதியான ஆண்டை விளையாட என்னையும் நாலாவது ஆளாக இருத்தினார்கள். நாங்கள் கீறிய ஊர் ஒரு களப்புக் கரையில் இருந்தது. கிணறு தோண்டினோம். தோட்டம் போட்டோம். இலையுதிர் காலத்தில் ஒரு பெடியன் எடுத்த காட்டில் வெளியிலிருந்து ஆபத்து வந்தது. சனம் இரவோடிரவாகக் களப்பைக் கடக்க வேண்டும் என்றான். நல்லாகக் கதை சொல்லுவான் அவன். "தண்ணி கழுத்தளவு. பின்னால நெருப்பு எரியுது. ஒரு அக்கா குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு..."

என் கை அட்டையைத் தொட்டது. நான் தொட்டதை நானே பிறகுதான் கண்டேன்.

அவன் உடனே நிறுத்தினான். "சரி, அங்க ஒரு பாலம் இருக்கு. எல்லாரும் பாலத்தால போயிற்றினம்" என்றான். இன்னொருவன் பென்சிலை எடுத்துத் தாளில் பாலத்தைக் கீறினான். அடுத்த காட்டை எடுத்தார்கள். நான் ஏன் தொட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எதிரே இருந்த மகன் எனக்குத் தண்ணீர்ப் போத்தலைத் தள்ளி வைத்தான். தலைக்கு மேலே பிடித்த அந்தக் குழந்தை யார் என்று நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

2009க்குப் பிறகு எத்தனையோ மேசைகளின் முன்னால் இருந்திருக்கிறேன். எல்லா மேசையிலும் கேள்விதான். எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, யார் பார்த்தது, என்ன ஆதாரம். போதும் என்று சொல்வதற்கு ஒரு மேசையிலும் எனக்கு அட்டை தரவில்லை. அந்த 16, 17 வயதுப் பெடியங்களின் மேசையில்தான் முதன்முதலாக அது எனக்குக் கிடைத்தது.

இதை மருந்து என்று நான் சொல்லவில்லை. நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு முறையாகப் பயின்ற உளவளத்துணையாளர்தான் தேவை. ஆனால் விளையாட்டும் கதையும் போர் கண்ட பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் என்பது எங்கள் மண்ணுக்குப் புதிய விடயமும் இல்லை. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், யுத்தத்துக்கு நடுவிலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து களிமண்ணும் வர்ணமும் கதையும் கொடுத்தார்கள். விலை கூடிய பொருள் ஒன்றும் அங்கே தேவைப்படவில்லை.

கடைசியாக ஒன்று

இந்தப் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டையை விடத் தட்டுப்பாடாக இருப்பது இடமும் நேரமும்தான். ரியூஷனுக்கும் ரியூஷனுக்கும் இடையில் மூன்று மணித்தியாலம், சத்தம் போட்டாலும் ஏசாத ஒரு அறை, ஒரு போத்தல் தண்ணீர், நாலு வடை. உங்கள் வீட்டு மேசையை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுத்தால் அது பெரிய பரிசு. அழைத்தால் நீங்களும் இருந்து பாருங்கள்.

மகனுக்கு இருபது பக்கத் தாயக்கட்டையும் கிடைத்துவிட்டது. கனடாவில் இருந்து வந்த ஒருவரிடம் மச்சாள் கொடுத்துவிட்டா. நீல நிறம். அவன் அதைக் கவனமாகப் பையில் போட்டு வைத்திருக்கிறான். ஆனால் சனிக்கிழமைகளில் இன்னமும் காட்ஸ் கட்டைத்தான் கொண்டு போகிறான். எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். சீ.ஆர். கொப்பியின் நடுவில் அந்த அட்டை இருக்கிறது. மூலைகள் மடங்கிப் போய்விட்டன. புதிதாக ஒன்று வெட்டித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் பெரியம்மா, இதே இருக்கட்டும் என்றான்.